அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் அப்படிக் கேட்டால் மாட்டேன் என்றா சொல்வாள்? ஆனால் மதிப்பெண் போடும் முறை, அளவுகோல், படிவம் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு விஷயம்.

தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களில் சிலருக்குத் தங்களிடம் என்ன குறைந்திருக்கிறது என்பதே தெரியாது. மறைக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீம்பு என்றும் எழுதிவிடாதீர்கள். கால் ஒடிந்தால் வலி வந்து சொல்லிவிடுகிறது. மூளையில் அடிபட்டால், குறையைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய இடத்திலேயே அடி விழுந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லும்போது உள்ளபடியே அதை நம்பித்தான் சொல்கிறார்.

இதைக் கண்டறிய நாம் செய்வது எளிமையான வேலை. சமைப்பது, துணி மடிப்பது போன்ற ஏதாவது ஒன்றைச் சொல்லி, 'இதில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கும்?' என்று முன்னதாகவே கேட்கிறோம். பிறகு செய்யச் சொல்லிப் பார்க்கிறோம். முடிந்ததும் 'எப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்கிறோம். அவர் சொன்னதற்கும் நாம் பார்த்ததற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் நமக்கு வேண்டும். நாம் பார்த்தது உண்மையிலேயே அவர் செய்ததுதானா என்பதில்தான் சிக்கல் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எங்களிடம் வந்தார். மூளையின் வலது பக்கம் அடி. தன் இடது பக்கம் என்ன இருந்தாலும் அவர் கவனத்துக்கு வராது. அவரைப் பயிற்சி அடுப்படியில் நிறுத்தி டீ போடச் சொன்னோம். மனிதர் பாத்திரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வேலையின் வரிசை புரியவில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தோம். சீனியர் அவர் மனைவி பக்கம் திரும்பி, "வீட்ல இவரு டீ போடுவாராம்மா?" என்று கேட்டார்.

"டீயா? பானையில தண்ணி மொண்டு குடிச்சது கெடையாதுங்க. எல்லாம் கைக்கு வந்துடும்."

சீனியர் அவரை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அழைத்துப்போனார். அங்கே ஒரு சிறு வாய்க்காலின் இரு கரையிலும் பூச்செடிப் பாத்திகள். மண்வெட்டியைக் கையில் கொடுத்து, எல்லாவற்றுக்கும் தண்ணீர் பாய்ச்சச் சொன்னார். டீப் பாத்திரத்தின் முன் திகைத்து நின்றவரா இவர் என்று இருந்தது. மடையை வெட்டுவதும் அடைப்பதும் அவ்வளவு சுத்தம். வலது பக்கப் பாத்திகள் எல்லாம் நிறைந்தன. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "எல்லாத்துக்கும் பாஞ்சிடுச்சுங்க" என்றார். இடது பக்கம் பொட்டுத் தண்ணீர் இல்லை. சீனியர் எதையும் சுட்டிக்காட்டவில்லை. அவரை மறுகோடிக்கு நடத்திக்கொண்டுபோய்த் திரும்பி நிற்கச் செய்தார். இப்போது காய்ந்த பாத்திகள் அவருக்கு வலது பக்கம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பாத்தியெல்லாம் எப்ப போட்டீங்க?" என்று எங்களைக் கேட்டார்.

நாங்கள் சிரித்துவிட்டோம். சீனியர் சிரிக்கவில்லை. "தப்பு கண்ணுக்குத் தெரிஞ்சாலும் தன்னோடதுன்னு மனசு உடனே ஒத்துக்காது. வேற யாரு தலையிலயாவது எறக்கி வைக்கும். யாரு தலையில வைக்குதுன்னு பாருங்க" என்றார். அன்று அது எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை விளங்கவைத்தவர் பல வருஷம் கழித்து வந்த ஒரு மாமியார்.

அவருடைய மருமகளைப் பர்வீன் என்று வைத்துக்கொள்வோம். திருத்துறைப்பூண்டியைத் தாண்டி ஓர் ஊர். கணவர் வளைகுடாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது புர்காவின் ஓரம் சக்கரத்தில் சிக்கி, பின்மண்டை தரையில் மோத விழுந்தாள். ஆபரேஷன் ஆனது. நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது. பார்த்தால் அடிபட்டவள் என்றே சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போகும் பெண் ஒன்று, அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த பையன் ஒன்று. விபத்து நடந்த அன்றே இரண்டு பிள்ளைகளையும் மயிலாடுதுறையில் இருக்கும் நாத்தனார் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர்களைத் திரும்ப அழைத்து வரலாமா என்பதுதான் அந்த வீட்டின் கேள்வி. ஆஸ்பத்திரியில் சரி என்று சொன்னால் அனுப்பலாம் என்று கணவர் போனில் சொல்லியிருந்தார்.

மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள். என் சக ஊழியர் பர்வீனை டீ போடச் சொன்னார். முன்னால் கேட்டதற்கு, "எதுவும் கஷ்டமில்ல மேடம்" என்றாள். டீ நன்றாகவே வந்தது. பின்னால் கேட்டதற்கு, "நல்லாதானே போட்டேன்" என்றாள். சொன்னதும் நடந்ததும் ஒன்றுபோல இருந்தன. சக ஊழியருக்குத் திருப்தி. நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை டப்பா தானாக நகர்ந்து பர்வீன் கைக்கு நேரே வந்தது. பால் பொங்கும் நேரத்தில் அடுப்பு தானாக அணைந்தது. இரண்டையும் செய்தது பக்கத்தில் நின்ற மாமியாரின் கை. பால் காய்ச்சிப் பழகிய கை என்பதால் எவர் கண்ணிலும் படாமல் வேலை பார்த்தது.

கிளம்பும்போது பர்வீன் என்னைத் தனியாக அழைத்துப் பேசினாள்.

"மேடம், பாக்க வேண்டியது என்னை இல்ல, மாமியத்தான். ஞாபகமே இல்லாம ஆயிட்டாங்க. உப்புப் போட மறந்துடுறாங்க. அடுப்ப அணைக்காம எந்திரிச்சுப் போயிடுறாங்க. நேத்து ஒரு சட்டி பால் கருகிப் போச்சு. கேட்டா ஆமாம்மா, நான்தான்னு சொல்றாங்க. அவங்கள மச்சி வீட்டுக்கு அனுப்பிட்டு, புள்ளைங்கள இங்க கூட்டிக்கலாம்னு மச்சான்கிட்ட பேசிட்டேன். பாவம், அவங்களும் எவ்வளவுதான் செய்வாங்க."

மச்சான் என்றால் அவள் கணவர், மச்சி என்றால் நாத்தனார். அவள் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. நான் இதைச் சொன்னதும் சக ஊழியர் மாமியாரையும் கேட்டார். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஆமாங்க, வயசாயிடுச்சுல்ல" என்றார். சக ஊழியர் என்னைப் பார்த்தார். மாமியாரை ஞாபக மறதிக்குப் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பலாமா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்குச் சீனியரின் பேச்சு ஞாபகம் வந்தது. இந்த அம்மா பஸ் மாறி மருமகளைத் தஞ்சாவூர்வரை அழைத்து வந்திருக்கிறார். ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் பையில் வரிசை பிசகாமல் இருக்கின்றன. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதைக் கேட்கும் முன்பே சொல்கிறார். ஞாபகம் போனவர் செய்கிற வேலையா இது? வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நடவு நேரம். பஸ் ஜன்னல் வழியே இரண்டு பக்கமும் சேறும் நாற்றும்தான். போய்ச் சேர்ந்தபோது பர்வீன் என்ன சமைப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தாள். சோறு, குழம்பு, பொரித்த மீன். பிள்ளைகளுக்குப் பிடித்த சமையல். முன்கேள்வியைக் கேட்டேன்.

"இதுல எது கஷ்டமா இருக்கும்?"

"வருஷக்கணக்கா செய்றது மேடம். எது கஷ்டம்? மாமி நடுவுல வராம இருந்தா போதும்."

மாமியாரை வாசல் பக்கம் அழைத்துப்போய், என்ன நடக்கிறது என்று நேராகவே கேட்டேன். அழுதுகொண்டே சொன்னார். டிஸ்சார்ஜ் ஆகும்போது யாரோ, 'இவங்க மனசு நோகாம பாத்துக்குங்க' என்று சொல்லியிருக்கிறார்கள். போகிற போக்கில் எல்லோரிடமும் நாம் சொல்லும் வார்த்தை. இந்த அம்மா அதை மருந்துபோல வேளை தவறாமல் கொடுத்திருக்கிறார். பர்வீன் உப்பை மறந்தால் அவள் பார்க்காதபோது போட்டுவிடுவது. அடுப்பை மறந்தால் அணைத்துவிடுவது. முந்திக்கொள்ள முடியாமல் ஏதாவது கருகிவிட்டால் 'நான்தான்' என்று பழியை ஏற்பது.

"அவ தாங்கமாட்டான்னுதாங்க. அதோட, மூளையில அடிபட்டவன்னு நாலு பேரு பேசுனா அவளுக்குப் புள்ளைங்கள யாரு நம்பிக் குடுப்பா?"

"நீங்க மயிலாடுதுறை போயிட்டா அடுப்ப யாரும்மா அணைக்கிறது?"

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கேள்வியை அவர் தன்னையே பலமுறை கேட்டிருப்பார் என்று தோன்றியது. இன்று ஒரு நாள் எதைத் தொடவும் கூடாது, எதையும் ஏற்கவும் கூடாது என்றேன். "கை சும்மா இருக்காதுங்களே" என்றார். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். துணைக்கு நானும் கட்டிக்கொண்டேன்.

அதற்கு முன் சில வேலைகளை முடித்துவிட்டேன். சிலிண்டர் எங்கே, ரெகுலேட்டர் கைக்கு எட்டுமா, வாணலியை மூடும் அளவுக்குத் தட்டு எது என்று பார்த்து, அந்தத் தட்டை என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தலைக்கு மேல் தொங்கிய துணியை எடுத்துவிட்டேன். இதையெல்லாம் பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மடத்தனம். நீங்கள் அப்படி நின்றதாகக் கேள்விப்பட்டால் ஓய்வு பெற்றவள் என்றும் பாராமல் வந்து திட்டுவேன்.

சோறு வெந்தது. குழம்பு கொதித்தது, உப்பு விழவில்லை. மாமியாரின் விரல்கள் முழங்கைக்குள் நெளிந்தன. பர்வீன் வாணலியில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்த நேரம், மயிலாடுதுறையிலிருந்து மகள் வீடியோவில் அழைத்தாள். போனை எடுத்துக்கொண்டு பர்வீன் கூடத்துக்குப் போய்விட்டாள்.

எண்ணெய் சூடேறியது. மெல்லிசாகப் புகை கிளம்பியது. கூடத்தில் பர்வீனின் குரல் கேட்டது. "வெள்ளிக்கிழமை வந்துடுங்கம்மா. உனக்குப் புடிச்ச மீன்தான் பொரிக்கிறேன். தம்பிக்கு முள்ளு எடுத்து வச்சிருவேன்." புகை தடித்தது. மாமியார் என்னைப் பார்த்தார். அப்போது அந்தக் கண்களில் இருந்தது கோபம்தான். நான் காத்திருந்தது ஒன்றுக்காக. கருகும் வாசம் கூடத்துக்கு நன்றாகவே போயிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அவள் தானாக ஓடி வருகிறாளா என்று பார்க்க வேண்டும். வரவில்லை. இதற்கு மேல் பொறுப்பது ஆபத்து என்ற இடத்தில் குரல் கொடுத்தேன். 'எண்ணெய்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் இன்னொரு மாமியாரின் கைதான்.

"பர்வீன், இங்க வந்து என்னன்னு பாருங்க."

வாசற்படியில் வந்து நின்றாள். புகையைப் பார்த்ததும் பாய்ந்து அடுப்பை அணைத்தாள். நான் தட்டைப் போட்டு வாணலியை மூடினேன். அவள் மாமியாரிடம் திரும்பி, கனிவாகவே கேட்டாள்.

"இத எப்ப மாமி பத்த வச்சீங்க?"

"நா..." என்று மாமியார் வாயெடுத்தார். நான் அவர் முழங்கையில் கைவைத்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ சோதனை செய்திருக்கிறேன். அந்தக் கணம்போல என்னைச் சோதித்தது வேறில்லை. அந்த அம்மா 'நான்தான்' என்று சொல்லிவிட்டால் வீடு பழையபடி அமைதியாகிவிடும், வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வந்துவிடுவார்கள், இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மயிலாடுதுறை போய்விடுவார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது.

"நான் இல்லம்மா," என்றார் மாமியார். "நீதான் வச்ச."

அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குப் போதும். ஆனால் ஒருமுறை வாய் திறந்துவிட்டது. "பாலும் நீதாம்மா. உப்பும் நீதான். ஒரு நாளும் நான் மறக்கல."

பர்வீன் அழவில்லை. "வாசமே வரலையே" என்று மட்டும் சொன்னாள். ஏலக்காயும் கிராம்பும் இருந்த டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன். முகர்ந்தாள். மூக்கோடு ஒட்டி மறுபடியும் முகர்ந்தாள். பின்மண்டை மோதி விழுந்தவர்களுக்கு வாசனை அறியும் நரம்பு அறுந்துபோவது உண்டு. அவளை யாரும் அதுவரை கேட்கவில்லை. மாமி மட்டமான மசாலா வாங்குகிறார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாளாம். டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய நாளில் அவள் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. மாமியார்தான் போனில் பேசினார். சரியாகச் சாப்பிடுவதில்லை, அடுப்படிப் பக்கமே போவதில்லை, பிள்ளைகள் அழைத்தாலும் இரண்டு வார்த்தைதான் என்றார். "சொல்லாமலே இருந்திருக்கலாமோங்க?" என்று கேட்டார். எனக்கும் அதே பயம் இருந்தது. பயமில்லாததுபோல எழுதினால் அது பொய். ஆனால் தன் குறையை முதல்முறையாகப் பார்ப்பவர் துக்கப்படாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். அவள் முகம் வாடியிருக்கிறது என்றால் உள்ளே ஏதோ போய்ச் சேர்ந்திருக்கிறது. "இருக்கட்டும்மா. பக்கத்துல இருங்க. ஆனா திரும்ப நான்தான்னு மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க" என்றேன். சக ஊழியர்கள் நடுவே, நான் ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டு வந்தேன் என்று ஒரு பேச்சு ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் பர்வீனே அழைத்தாள். "மேடம், என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைக்கும் முன், இன்று எதில் தவறு வரும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுப்படியை விட்டு நகர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு நகர வேண்டும். மாமியார் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் அவிழ்க்கலாம். தவறு நடந்தால் அது நடந்தபடியே சாப்பாட்டுத் தட்டுக்கு வர வேண்டும். உப்பில்லாத குழம்பை மாமியாரும் மருமகளும் பலநாள் சாப்பிட்டார்கள்.

மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது அதே சமையல். முன்கேள்வியைக் கேட்டேன். யோசித்தாள்.

"போன் வந்தா அடுப்பு மறந்துடும். கருகுனா மூக்குக்குத் தெரியாது. உப்புப் போட்டேனா இல்லையான்னு நடுவுல குழம்பிடுவேன்."

எண்ணெய் காயும் நேரத்தில் போன் வந்தது. இந்த முறை அது நான் செய்து வைத்த ஏற்பாடு. அவள் கால் கூடத்துப் பக்கம் திரும்பியது. அப்படியே நின்றாள். வந்து அடுப்பை அணைத்தாள். போனை எடுத்து, "அம்மா அடுப்படியில இருக்கேன்டா, முடிச்சிட்டுப் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். ஆனால் அடுப்பைத் திரும்பப் பற்றவைக்க மறந்து, ஆறிய எண்ணெயில் மீனைப் போட்டுவிட்டு, ஏன் சத்தமே வரவில்லை என்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே கண்டுபிடித்தாள். மூக்கு போன இடத்தில் காது உதவ ஆரம்பித்திருந்தது.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், போடாமல் திரும்பினாள்.

"மாமி, உப்புப் போட்டேனான்னு தெரியல. பாத்து சொல்லுங்க."

மாமியார் கட்டிய கையோடு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டியதும்தான் கையை அவிழ்த்தார். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். முகம் சுளிப்பதற்குள் அடக்கிக்கொண்டு, "சரியாதாம்மா..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். நிறுத்தினார்.

"ரெண்டு தடவ போட்டுட்டம்மா."

"ஆங். அதான் கேட்டேன்," என்றாள் பர்வீன்.

அந்தக் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்து மூவரும் சாப்பிட்டோம். ஆனால் முன்கேள்விக்கு அவள் சொன்னபடியேதான் எல்லாம் நடந்திருந்தது. கை கழுவிவிட்டு அங்கிருந்தே நாத்தனாரை போனில் அழைத்து, பிள்ளைகளை அனுப்பி வைக்கலாம் என்றேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பர்வீன் தலையை நிமிர்த்தினாள்.

"மாமி இங்கதான் இருப்பாங்க, அங்க வரலன்னு அதையும் சொல்லிடுங்க மேடம்."